அண்ணன் தலை வைக்காத கூழைக்கடா

அண்ணே. அண்ணே, கேக்குதா?

சத்தமாகக் கூப்பிட்டால் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்க்கிறாள். நீ வந்துவிட்டாய் என்று நினைக்கிறாளா, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறாளா, தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொள்கிறேன். உனக்கு நடந்ததெல்லாம் தெரியும். இதை உனக்காக எழுதவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மேற்குத் தாம்பரத்தில் காயலான் கடை. முதலில் இரும்பு, பேப்பர், பாட்டில். பிறகு கம்ப்யூட்டரும் டிவியும் செட்டாப் பாக்ஸும் வர ஆரம்பித்து, கடையின் முக்கால் பாகம் அதுவே ஆகிவிட்டது. அண்ணனும் நானும் அதைப் பிரிக்கிற வேலை. கழற்றி, செம்பு தனி, அலுமினியம் தனி, போர்டு தனி, பிளாஸ்டிக் தனி என்று போட வேண்டும். அண்ணன் சின்ன வயதில் ஒயரை எரித்துத்தான் செம்பு எடுத்தான். எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள். கறுப்புப் புகை, கசக்கிற புகை. எரித்த அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்புறம் ஒருநாள் எரிப்பதை நிறுத்திவிட்டான். அத்தாவும் அவனும் குட்டி யானை வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு வேளச்சேரி ரோட்டில் போகும்போது, பள்ளிக்கரணை ஏரிப் பக்கம் வண்டியை ஓரம் கட்டுவான். அது ஏரி இல்லை, சதுப்பு நிலம் என்று சொல்வார்கள். எங்களுக்கு ஏரிதான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கோரைப்புல்லும் தண்ணீரும். அதில் கூழைக்கடா கூட்டம் கூட்டமாக நிற்கும். பெரிய பறவை. சாம்பல் வெள்ளை. நீளமான மூக்குக்குக் கீழே பை தொங்கும். ஒருமுறை அந்தப் பக்கம் யாரோ ஒயர் எரித்துக்கொண்டிருந்தார்களாம். புகை நேராகப் பறவைக் கூட்டத்தின் மேல் போயிருக்கிறது. பறவைகள் நகரவே இல்லையாம்.

"நம்மள மாதிரியே கீதுங்க பாப்பா," என்றான் என்னிடம். "புகை வந்தா எழுந்து போவணும்னு கூடத் தெரியல."

அதற்குப் பிறகு கத்தி வைத்து ஒயரை உரிக்க ஆரம்பித்தான். ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. அத்தா கத்தினார். "நீ உரிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கபர் தோண்டிருவானுங்க." அண்ணன் சிரித்துக்கொண்டே உரிப்பான். கட்டைவிரல் முழுக்கக் கீறல்.

உருவம் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் ஒரு மீன். கம்ப்யூட்டருக்குள் சூடு தணிக்க அலுமினியத் தகடு வரிசை ஒன்று இருக்கும், அதுதான் செதில். ரெண்டு சின்ன பித்தளைத் திருகாணி வைத்துக் கண். எடைத் தராசின் மேல் நிற்க வைத்திருந்தான். அத்தா தொழுதுவிட்டு வந்தவர் அதைப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"மீனு அத்தா."

"மீனு தெரிது. கண்ணு வெச்சிகிறியே, இன்னா தைரியம்? உசுரு உள்ளதுக்கு உருவம் பண்றவன மறுமையில கூப்ட்டு, நீ பண்ணதுக்கு நீயே உசுரு குடுறான்னுவாங்க. குடுப்பியா?"

"செத்துப்போன கம்ப்யூட்டருக்கே உசுரு குடுத்துகினு கீறேன். ஒரு மீனுக்குக் குடுக்க மாட்டனா?"

"வாய் மட்டும் கீது கஸ்மாலத்துக்கு," என்று அத்தா செருப்பைத் தூக்கினார். அண்ணன் தராசைத் தாண்டிக் குதித்து ஓடினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் சாயங்காலம் பார்த்தால் மீனுக்குக் கண் இல்லை. தலையையே கழற்றிவிட்டிருந்தான். அத்தாவுக்குப் பயந்து இல்லை. அவனுக்கே பயம். எங்கள் பக்கத்தில் அந்த நம்பிக்கை உண்டு. மறுமை நாளில் அப்படிக் கேட்கப்படும், பதில் சொல்ல முடியாது. தலையும் முகமும் இல்லாவிட்டால் அது உருவக் கணக்கில் வராது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் கேலி பேசுவானே தவிர வெள்ளிக்கிழமை தொழுகையை விட்டதில்லை. அதிலிருந்து மரம் செய்தான். செடி, தாமரை, ஒரு கப்பல். உயிருள்ளது எதையும் தொடவில்லை. சார்ஜர் ஒயரில் ஆலமரம் ஒன்று செய்தான், விழுதெல்லாம் விட்டு. அதை ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்தார்கள்.

அந்த ஆலமரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செக்ரெட்டரி சார் கடைக்கு வந்தார்.

பள்ளிக்கரணையில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கத்துக்குச் செயலாளர். வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவர் கேட்டது இதுதான். குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பழைய எலெக்ட்ரானிக் சாமான் கிடக்கிறது. அதையெல்லாம் சேர்த்து, ஏரியில் இருக்கிற ஒரு பறவையை உருவாக்கி வாசலில் வைக்க வேண்டும். போகிற வருகிற பிள்ளைகளுக்கு ஒரு விழிப்புணர்வு.

"பெலிகன் பண்ணலாம் தம்பி, கூழைக்கடா. அதான் இங்க ஃபேமஸ்."

அண்ணன் என்னைப் பார்த்தான். முடியாது என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவனோ, "பண்ணலாம் சார். ஆனா அது தூங்கற மாதிரி பண்றேன். தலைய திருப்பி முதுகுல சொருவிக்கினு தூங்கும், பாத்துகிறீங்களா?" என்றான்.

"தலை தெரியாதா?"

"தெரியாது சார்."

"பெலிகனுக்கு மூக்குதானேப்பா அழகு? மூக்கு இல்லன்னா வாத்துன்னு நினைச்சுடுவாங்க."

"நம்ம குப்பையப் பாத்துட்டு எழுந்துக்கவே மாட்டேங்குது சார். அதான் மேட்டரு."

செக்ரெட்டரி சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பிரமாதம்! இதையே போர்டுல போட்டுடலாம்," என்றார்.

அவர் போன பிறகு கேட்டேன். "உண்மையச் சொல்லியிருக்கலாமேண்ணே. நம்ம மார்க்கத்துல தலை வைக்க மாட்டோம்னு."

"நீ வேற. அங்க போயி மார்க்கம் பேசினா அப்புறம் கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க பாப்பா. தூங்குதுன்னு சொன்னா யாருக்கும் பேஜார் இல்ல."

நடந்தது எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் நடந்தது. அவன் சொன்னதும் பொய் இல்லை. பறவை அப்படித்தான் தூங்கும். காரணத்தில் பாதியை மட்டும் சொன்னான். எங்களை மாதிரி ஆட்கள் பெரிய வாசலுக்குள் போகும்போது செருப்போடு சேர்த்துக் கொஞ்சம் பேச்சையும் வெளியில் விட்டுவிட்டுத்தான் போவோம். பழக்கம்.

சாமான் வந்து குவிந்தது. சந்தன நிறத்துப் பழைய கீபோர்டுகள், அச்சடிக்கிற மெஷின்கள், ரிமோட், மவுஸ், ஒரு தடவைகூடப் பிரிக்காத பெட்டியோடு ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள் சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒரு கேபிள் ஓடும். அதுதான் இறகு. கீபோர்டுப் பட்டன்களை நான் நெம்பி எடுத்துக் கொடுத்தேன், அது நெஞ்சுத் தூவி. வாலில் எஸ்கேப் பட்டன்களை மட்டும் வரிசையாக வைத்தான்.

"இது எதுக்கு?"

"பறந்து போவணும்னா அமுக்கிக்கும்ல."

ஒட்ட மாட்டான். அது அவன் வழக்கம். எல்லாவற்றையும் ஒயரால் கட்டித்தான் சேர்ப்பான், இல்லாவிட்டால் திருகாணி. "ஒட்டினா நாளைக்கு இதப் பிரிக்கறவன் கை கிழியும்," என்பான். அவன் செய்கிற பறவையும் ஒருநாள் காயலான் கடைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பிரிக்கிறவனுக்காக இன்றைக்கே யோசித்துக் கட்டினான். கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து, இறக்கைக்கு அடியில் போய் முடிந்துவிடும். அங்கே ஒன்றும் கிடையாது. இறகைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கட்டு மட்டும் இருக்கும்.

இருமல் அப்போதே இருந்தது. பட்டனைக் கோக்கும்போது இருமினால் கை ஆடி எல்லாம் உருண்டு ஓடும். "புடி புடி, தூவி பறக்குது," என்று என்னை விரட்டுவான். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்பான். அம்மா சுக்கும் மிளகும் இடித்துக் கொடுத்தாள். பறவை முடிந்து, தார்ப்பாய் போட்டுக் குட்டி யானையில் ஏற்றியபோது, அது சாயாமல் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனான். மேடவாக்கம் சிக்னலில் ஒரு பைக்காரர், "இன்னா பாய், யானைக் குட்டியா?" என்று கேட்டாராம். "தூங்குது, ஹாரன் அடிக்காதீங்க," என்றானாம். அதைத் திரும்பி வந்து எங்களிடம் சொல்வதற்குள் மூச்சு வாங்கி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. வாசலில் மேடை கட்டி முடிக்கட்டும், திறப்பு விழா வைப்போம் என்றார்கள். அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி ஆகிவிட்டது, சின்ன வயதிலிருந்து என்ன வேலை செய்தான் என்று டாக்டர் கேட்டார். அத்தா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அங்கே இருந்தபோது செக்ரெட்டரி சார் ஒரு மத்தியானம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போனேன். கேண்டீனில் கூட்டம். மேலே வரும்போது அவர் வராண்டாவில் எதிரே வந்தார்.

"உங்க அண்ணன்கிட்ட எல்லாம் காமிச்சுட்டேன்மா. ஓகேன்னுட்டார். சீக்கிரம் வரச் சொல்லு, அவர் கையாலதான் திறக்கணும்."

திறப்பு விழாத் தேதியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போய், "இன்னாண்ணே சொன்னாரு?" என்றேன். அவன் மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மாஸ்க். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கையை லேசாக ஆட்டினான். விடு என்கிற மாதிரியும் இருந்தது, அப்புறம் சொல்கிறேன் என்கிற மாதிரியும் இருந்தது. நானும் விட்டுவிட்டேன். அவன் அப்புறம் சொல்லவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை.

எங்கள் பள்ளிவாசல் கபர்ஸ்தானில், அடக்கம் செய்கிற இடத்தில், பேர்க்கல் வைப்பதில்லை. இடம் பத்தாது. கொஞ்ச காலம் மண் மேடாக இருக்கும், மழைக்கு அமுங்கிவிடும், பிறகு வேறொருவருக்கு அதே இடம். இது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. பெண்கள் அங்கே போவதும் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அத்தாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பாள். "மதில் ஓரம், வேப்ப மரத்துக்கு இந்தாண்ட," என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அதனால் திறப்பு விழாவுக்கு அழைத்து, பறவைக்குக் கீழே எவர்சில்வர் தகட்டில் அவன் பேர் போட்டிருக்கிறோம் என்று செக்ரெட்டரி சார் போனில் சொன்னபோது, அம்மா முதல் தடவையாக எழுந்து தலை வாரிக்கொண்டாள். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம்.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பச்சை டீசர்ட் போட்டு வரிசையாக நின்றார்கள். பறவை மேல் வெள்ளைத் துணி. அது போட்டிருந்த விதத்திலேயே எனக்கு என்னமோ சரியில்லை என்று பட்டது. அண்ணனுடைய பறவை உருண்டையாக, தாழ்வாக உட்கார்ந்திருக்கும். இது உயரமாக இருந்தது.

துணியை இழுத்தார்கள்.

கழுத்து நிமிர்ந்து நின்றது. அதன் மேல் தலை. ஆரஞ்சு பெயிண்ட் அடித்த நீள மூக்கு. ரெண்டு பக்கமும் சிவப்பு லைட்டு வைத்துக் கண். அது அணைந்து அணைந்து எரிந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். "ஐ, முழிச்சுக்கிச்சு! முழிச்சுக்கிச்சு!" என்று ஒரு குழந்தை குதித்தது.

நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது. என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. திரும்பி நடந்து, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் போய் வெயிலில் நின்றுகொண்டார். அம்மா எதையும் பார்க்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நேராகப் போய்த் தகட்டின் முன்னால் உட்கார்ந்து, "எதும்மா அவன் பேரு?" என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள். முகத்தைத் தடவுகிற மாதிரி.

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். முதுகில் சாம்பல் கேபிளை வெட்டி, கழுத்தைச் சொருகி, சூடான பசையை அப்பியிருந்தார்கள். அண்ணன் வேலை இல்லை. அதைக் கண்டதும் ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. பக்கத்தில் ஒரு மேடம் என் தோளில் கை வைத்து, "உங்க பிரதர் அந்தக் கண்ணு வெச்சிருக்கார் பாருங்க, வாவ், உயிரே வந்த மாதிரி இருக்கு," என்றார்.

உயிரே வந்த மாதிரி என்ற அந்த ஒரு வார்த்தைதான் வீட்டில் எங்களைத் தூங்கவிடவில்லை.

அத்தா கடையைத் திறந்தார். ஆனால் எதையும் பிரிக்கவில்லை. பறவையைப் பார்த்துவிட்டு ஆட்கள் போன் செய்தபடி இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் பழைய டிவி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் ஒரு கொக்கு செய்யுங்கள் என்பார்கள். விழிப்புணர்வு வந்தது என்னவோ உண்மை. தூக்கிப் போடுவதற்கு ஓர் அழகான இடம் இருக்கிறது என்கிற விழிப்புணர்வு. புதுசு வாங்கிவிட்டு, பழசை எங்கள் வாசலில் சிரித்த முகத்தோடு இறக்கிவிட்டுப் போனார்கள். குவியல் கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. அதை உரிக்கிற கை மண்ணுக்குள் போய்விட்டது. என் ஒருத்தி கையால் ஆகவில்லை. மிச்சத்தை வாங்கிப் போகிறவர்கள் எங்கேயோ கொண்டுபோய் எரிக்கத்தான் செய்வார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அத்தா ஹஸ்ரத்திடம் கேட்டிருக்கிறார். பள்ளிவாசலில் தொழ வைக்கிறவர் அவர். வீட்டுக்கு வந்து என்னை எதிரே உட்கார வைத்தார்.

"பண்ணாதது அவன் மேல வராதுன்றாரு. வேற ஆளு வெச்சதுக்கு இவன் பொறுப்பில்லையாம்."

"அல்ஹம்துலில்லா. அப்புறம் இன்னா அத்தா?"

"அவன் சம்மதிச்சி வெச்சிருந்தான்னா? அது அவனுக்கும் படச்ச ரப்புக்கும் நடுவுல, நம்மளால சொல்ல முடியாது, துஆ செய்யுங்கன்றாரு." அத்தா என் முகத்தையே பார்த்தார். "நீதானே கூட இருந்தே. அந்த ஆளு வந்து காட்டினப்ப இவன் இன்னா சொன்னான்?"

"நான் வெந்நீர் வாங்கப் போயிருந்தேன் அத்தா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் நான் தனியாகச் செக்ரெட்டரி சாரைப் பார்க்கப் போனேன். அவர் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்தார்.

"சார், எங்க அண்ணன்கிட்ட ஆஸ்பத்திரியில என்னத்த காமிச்சீங்க?"

"இந்தப் படம்தான்மா." போனை நீட்டினார். பறவைக்கு மேல் கம்ப்யூட்டரில் வரைந்த தலை. "கமிட்டியில எல்லாரும் சொன்னாங்க, பசங்களுக்கு என்ன பறவைன்னே புரியலன்னு. அவர்கிட்ட கேக்காம செய்யக்கூடாதுன்னுதான் நேர்லயே வந்தேன். தம்ஸ் அப் காமிச்சாரே."

"எப்படிக் காமிச்சான் சார்?"

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் யோசித்து, கையைக் கொஞ்சம் இறக்கி, விரலைக் கொஞ்சம் மடக்கி, "இப்படி... இப்படித்தான். கையில ஊசி இருந்ததுல்ல," என்றார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். ஊசி போட்ட கை, கட்டைவிரல் பாதி மடங்கித்தான் எப்போதும் கிடந்தது. அது சரி என்றதா, வேண்டாம் என்றதா, கை அப்படிக் கிடந்ததா? அல்லது ஆஸ்பத்திரி வரை தேடி வந்த பெரிய மனுஷரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டானா? எங்களுக்கு அதுவும் பழக்கம்தான்.

அப்போது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தூங்குகிற பறவை ஏன் என்று சொன்னேன். மறுமையில் என்ன கேட்பார்கள் என்று சொன்னேன். அழக் கூடாது என்று போனவள் அழுதுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, ஆரம்பத்துலயே. நாங்க என்ன தப்பாவா நினைச்சிருப்போம்?"

"தலைய எடுத்துருங்க சார். நானே கழட்டித் தரேன். கழட்டறதுதான் எங்க தொழிலே. இறக்கைய பழையபடி கட்டிக் குடுத்துடறேன்."

அவர் வெளியே போய் யார் யாருக்கோ போன் செய்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் கை ஆடுவது தெரிந்தது. திரும்பி வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒத்துக்க மாட்டேங்கறாங்கம்மா. பேப்பர்ல எல்லாம் வந்துடுச்சு. பசங்க தினம் அந்தக் கண்ணைப் பாத்துட்டுத்தான் ஸ்கூல் பஸ் ஏறுதாம்." அவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். அவர் பேரை எடுத்துடலாம். பேர் இல்லன்னா, தலையோட நிக்கற இது அவர் செஞ்சதுன்னு யாரும் சொல்லப்போறதில்லையே? நீ யோசிச்சுச் சொல்லு."

என்ன யோசிக்க? இந்த உலகத்தில் அவன் பேர் பொறித்த இடம் அது ஒன்றுதான். அம்மா தடவிப் பார்த்த இடம். அதை அப்படியே விட்டுவைத்தால், அந்தக் கண் எரிகிறவரைக்கும் அவன் பேரும் அதன் கீழே எரியும். பார்க்கிற ஒவ்வொருவரும் "இவன் செய்தது" என்று சாட்சி சொல்லிக்கொண்டே போவார்கள்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா சார்?" என்றேன்.

வாட்ச்மேன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மேடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே கண் எரிந்து எரிந்து அணைந்தது. புதுத் திருகாணி, லேசாகச் சுற்றி வந்துவிட்டது. அண்ணனோடு சேர்ந்து எவ்வளவோ கழற்றியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக எதுவும் வந்ததில்லை. தகட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். சங்கத்தின் பேரும் அதில் இருக்கிறது, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வேறு எழுதிக்கொள்வோம் என்று செக்ரெட்டரி சார் சங்கடத்தோடு சொன்னார். கொடுத்துவிட்டேன். இப்போது அங்கே குடியிருப்போர் கூட்டு முயற்சி என்று எழுதியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அவன் பேர் சிமெண்டைப் பார்த்தபடி உள்ளே இருக்கிறது. அப்படி என்றால் எடுத்தது ஆகுமா, ஆகாதா? இதையும் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அத்தாவிடம் சொன்னேன். என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். அவர் முகம் தெளியவில்லை. கட்டைவிரல் பற்றிச் சொன்ன பிறகு இன்னும் இருண்டுவிட்டது.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். "இன்னொரு தபா கூட்டிகினு போயேன், அவன் பேரத் தொட்டுட்டு வரேன்," என்று கேட்டபடி இருந்தாள். பஸ் இல்லை, மழை, கடையில் வேலை என்று ஏதேதோ சொன்னேன். ஒருநாள் புர்கா போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று.

கத்துவாள் என்று பயந்தேன். அவள் புர்காவைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு சுவர் ஓரம் உட்கார்ந்து சொன்னாள். "மண்ணுலயும் பேரு இல்ல. அங்கயும் இல்ல. நான் எங்க போயிடீ அவனக் கூப்புடுவேன்?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் அந்த விரலால் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு லைட்டுதான் வருகிறது. அதன் முன்னால் அவன் நிற்கிறான், உயிர் கொடு என்கிறார்கள், அவனுக்கே மூச்சு இல்லை, எதை எடுத்துக் கொடுப்பான்? ஒரு பறவையைத் தூங்கவிடத்தானே பார்த்தான். எரிக்காதே என்றான், உரித்தான், கையைக் கிழித்துக்கொண்டான், அடுத்தவன் கை கிழியக் கூடாது என்று ஒட்டாமல் கட்டினான். இதெல்லாம் அங்கே எண்ணப்படுமா?

அவன் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தப் பறவையோடு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். பேர் தெரியாமலே கேட்கலாம், கேட்கப்படுகிற இறைவனுக்கு அது யார் என்று தெரியும்.

படிக்கிற எல்லாரும், கை ஏந்துகிறவர்களும் கை கூப்புகிறவர்களும், உங்கள் வழியில் எங்கள் அண்ணனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணை அவன் வைக்கவில்லை, வைக்கச் சொல்லியிருந்தாலும் மூச்சு முட்டிக் கிடந்தவன் சொன்னது, அதை அவன் கணக்கில் எழுதாமல் மன்னித்துவிடு என்று கேளுங்கள். தாம்பரத்தில் காயலான் கடையில் ஒயர் உரித்த பையன் என்று சொன்னால் போதும். துஆ செய்யுங்கள்.